டர்னர் வீட்டுக்குப் போன மீன்

காலை நடைக்குப் போகிற நம் கூட்டத்தில் போன வாரம் யாரோ கேட்டார்கள், கடல் மீனில் எது ருசி என்று. நமக்கு வயசானபிறகு பேச்சு இரண்டே பக்கம்தான் போகிறது. ஒன்று சர்க்கரை, இல்லையென்றால் சாப்பாடு. ஆட்டுக்கறியை விட்டுவிட்டு மீன் சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொன்னாலும் சொன்னார், ஆளாளுக்கு மீன் நிபுணர்கள் ஆகிவிட்டீர்கள். ஒருத்தர் வஞ்சிரம் என்றார். ஒருத்தர் வாவல் என்றார். நெத்திலிக்குப் பக்கத்தில் எதுவும் நிற்க முடியாது என்று பல் கட்டியிருக்கும் ஒருத்தர் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. கோயமுத்தூர்க்காரிக்குக் கடல் மீனைப் பற்றி என்ன தெரியும் என்று கிண்டல் வேறு செய்தீர்கள்.

தெரியும். படகில் போய் வலைபோட்டுப் பிடித்த மீனைச் சொல்லவில்லை. கரையில் நின்று தூண்டில் வீசிப் பிடிக்கிற மீன்களில் எது முதல், எது இரண்டாவது, எது கடைசி என்று பதினோரு வயதில் எனக்கு மனப்பாடம். எல்லாம் ஒரே ஒரு கோடை லீவில் கற்றுக்கொண்டது. அந்த லீவு முடிவதற்குள் எங்கள் வீட்டு மீனைத் தின்று ஒரு மனிதர் சாகக் கிடந்தார். அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. இதை நடந்துகொண்டே பேசிவிட முடியாது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

கணபதியில் எங்கள் வீட்டுக்கு முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் குடித்தனம். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், மூலையில் இரும்புச் சுருள் குவியல். பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது தொழில். ஒரு லேத்தில் அப்பா நிற்பார், இன்னொன்றில் டர்னர். டர்னருக்கு அப்போது இருபத்தெட்டு வயதிருக்கும். ஒல்லியான ஆள், பேச்சு குறைவு, அளவில் ஒரு நூல்கூடத் தப்பாது. எங்கள் வீட்டில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானே, அந்த வயதில், "டர்னரே, அப்பா கூப்புடறாங்க" என்பேன். அவர் "வாரேனுங்க அம்மணி" என்பார். அவருக்கென்று ஒரு அலுமினிய டம்ளர் வெளி ஜன்னலில் கவிழ்ந்திருக்கும். அதை அவரே கழுவி அவரே கவிழ்ப்பார். அது ஏன் உள்ளே வருவதில்லை என்று நான் கேட்டதில்லை, கேட்கத் தோன்றியதும் இல்லை.

அம்மாவிடம் ஒரு முறை உண்டு. டர்னர் வீட்டுக்கு எதைக் கொடுத்தனுப்பினாலும், மீந்த பலகாரமோ, பழைய துணியோ, கொண்டுபோகிறவள் நான்தான். மீந்தது என்று சொல்லக்கூடாது, "எங்கூட்லயும் இதைத்தான் சாப்பிட்டோம்" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர்கள் மனசு நோகக்கூடாது என்பாள். அது பெரிய மரியாதை என்று நானும் நம்பினேன். முந்தின நாள் இட்லியைக் கொண்டுபோய் "இப்பத்தான் சாப்பிட்டோம்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை என் வாயில் தானாகவே வந்து நிற்கும்.

அப்பாவுக்குக் கடல் பைத்தியம் பிடித்தது அந்தக் கோடையில்தான். பொன்னானியில் பம்பு வியாபாரி ஒருத்தர் எங்களிடம் சரக்கு எடுப்பார். அங்கே ஏதோ ரிப்பேர் என்று போன அப்பா, கரையில் ஒருத்தன் தூண்டில் வீசுவதைப் பார்த்துக்கொண்டு அன்றைய பஸ்ஸை விட்டுவிட்டார். ஊருக்கு வந்ததும் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் லேத்தில் ஒரு அலுமினிய உருளையை மாட்டினார். தூண்டில் கயிறு சுற்றுகிற ரீலை அவரே கடைந்தார், உள்ளே பால் பேரிங் போட்டு. விரலால் தட்டிவிட்டால் நிற்காமல் சுற்றும், சத்தமே வராது. ஈயக் குண்டுகளைப் பட்டறையிலேயே உருக்கி வார்த்தார். கடையில் வாங்கினால் கௌரவக் குறைச்சல். அப்பாவைப் பொறுத்தவரை கழற்றிப் பார்த்தால் புரியாத பொருள் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வது கையாலாகாதவன் வேலை. அந்த எண்ணம்தான் எங்களைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் தள்ளியது.

சனிக்கிழமை சாயங்காலம் ரயில். குற்றிப்புரத்தில் இறங்கி பஸ். வியாபாரியின் குடோனில் படுத்துவிட்டு விடியும்போது கரையில் இருப்போம். ஞாயிறு பொழுது சாய்வதற்குள் வீடு. மகன் இல்லாத அப்பா மகளைக் கூட்டிப் போனார். அப்பா வாராவாரம் போனார், நான் மூன்று முறை போனேன். மற்றவர்கள் கடலை முதலில் பார்த்ததும் சந்தோஷப்பட்டதாகச் சொல்கிறார்கள். எனக்குப் பயமாக இருந்தது. மெயின் சுவிட்ச் இல்லாத பட்டறை மாதிரி அது ஓடிக்கொண்டே இருந்தது. கணபதியில் எட்டு மணியானால் எல்லா மிஷினும் நின்றுவிடும், அந்த அமைதிக்குப் பழகின காது என்னுடையது. அப்பா முழங்கால் தண்ணீரில் நின்று வீசுவார். நான் நனைந்த மணலைத் தோண்டி, உள்ளே புதைந்து கிடக்கும் விரல்நுனி அளவு பூச்சியைப் பிடித்துக் கொடுப்பேன். அதுதான் இரை. கையில் விட்டால் கால்களால் சுரண்டும்.

அந்தக் கரையில் ஒரு கிழவர் இருந்தார். வெறும் கையில் கயிறு சுற்றி மீன் பிடிப்பவர். இரை எங்கே கிடைக்கும் என்று எனக்குக் காட்டிக் கொடுத்தவர் அவர்தான். எங்கள் ரீலை வாங்கிச் சுற்றிப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் பேசும் மலையாளம் எங்களுக்குப் புரியும், எங்கள் தமிழ் அவருக்குப் புரியும். ஆனால் அப்பா அவரிடம் எதையும் கேட்க மாட்டார். ஓரக்கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்வார்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கரையில் பிடிபடுவதில் முதல் இடம் கிழங்கானுக்குத்தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சாண் நீளம், வெள்ளி நிறம், மூக்கு கூராக இருக்கும். பாசி இல்லாத மணலில் திரிவதால் சேற்று வாடை துளியும் இருக்காது. சதை இதழ் இதழாகப் பிரியும், நடுமுள்ளை இழுத்தால் மொத்தமாக வந்துவிடும். அடுத்தது மடவை. ஆனால் மடவையில் இடம் பார்த்து வாங்க வேண்டும். அலையடிக்கும் கடலில் பிடித்தது நெய் மாதிரி, காயல் வாயில் பிடித்தது சேறு. பாரை மூன்றாவது, பெரிதானால் சக்கை. திருக்கையைப் பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுப்பார்கள், ருசிக்காக யாரும் தின்பதில்லை. கடைசி இடம் கடல் கெளுத்திக்கு. அதை அம்மா மட்டும் ஆசையாகச் சாப்பிட்டாள், காவிரிக் கெளுத்தி மாதிரியே இருக்கிறதாம். அவள் பிறந்தது கொடுமுடியில்.

முதல் வாரம் அம்மா கிழங்கானையே கெடுத்துவிட்டாள். ஆற்றுமீனுக்கு அரைப்பதுபோல் கொத்தமல்லியும் மிளகும் தேங்காயும் வறுத்து அரைத்துக் கொதிக்கவிட்டதில் மீன் எங்கே போனது என்றே தெரியவில்லை. ஆற்றுமீனுக்கு வாடையை அமுக்க வேண்டும், கடல் மீனுக்கு அதன் வாசத்தை விட்டுவைக்க வேண்டும். மூன்றாவது வாரம்தான் அவளுக்குக் கை பழகியது. உப்பும் மிளகாயும் மஞ்சளும் மட்டும் தடவி, கல்லில் கொஞ்சமாக எண்ணெய் விட்டுத் திருப்பினாள். அன்றைக்கு நான் தனியாக ஆறு மீன் தின்றேன். இன்றுவரை அந்த மாதிரி ஒன்றை நான் தின்றதில்லை.

டர்னர் வீட்டுக்கும் வாராவாரம் பங்கு போகும். மறுநாள் அப்பா லேத்துக்கு நடுவே, நேற்று மீன் எப்படி என்று விசாரிப்பார். "நல்லா இருந்துச்சுங்க மொதலாளி" என்று வரும். எதைக் கொடுத்தாலும் அதே பதில்தான் என்று அப்பா சலித்துக்கொள்வார். ஒரே ஒரு முறை, ரொம்பக் கிண்டியபிறகு, மடவைச் சினை மாதிரி எதுவும் இல்லைங்க என்று டர்னர் வாய்விட்டுச் சொன்னார். அப்பாவுக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷம். அதன்பிறகு எந்த மீனில் சினை இருந்தாலும் அதை எடுத்து டர்னருக்கென்று தனியாக வைத்தார். அன்பாகத்தான் வைத்தார்.

மே மாதக் கடைசி ஞாயிறு. அன்றைக்குக் கடல் நிறமே சரியில்லை. தண்ணீர் பழுப்பாக, நுரை கலையாமல் கரையில் தங்கி நின்றது. ஒரு மாதிரி புளித்த வாடை. விடிந்ததிலிருந்து ஒன்றும் கடிக்கவில்லை. அப்பா முகம் இறுகிப்போய் நின்றார், அடுத்த வாரம் பள்ளிக்கூடம் திறக்கிறது, இதுதான் கடைசிப் பயணம். வெயில் ஏறினபிறகு கயிறு ஒரு இழுப்பு இழுத்தது. மீன் வந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. முழங்கை நீளம், செதிலே இல்லை, தோல் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது. மணலில் போட்டதும் வயிறு உப்பி உப்பிப் பந்தாகிவிட்டது. பன்றிக்குட்டி உறுமுவது போல ஒரு சத்தம். வாயைத் திறந்தபோது நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். மேலே இரண்டு, கீழே இரண்டு, அகலமான பல்.

கிழவர் தன் கயிற்றை விட்டுவிட்டு வேகமாக நடந்து வந்தார். காலால் மீனைத் தண்ணீர்ப் பக்கம் தள்ளினார். பேத்தை மீன், வேண்டாம், விஷம் என்றார். இதில் புரியாமல் போக ஒன்றும் இல்லை. அப்பாவுக்கும் தெளிவாகப் புரிந்தது. அத்தனை வாரத்தில் முதல்முறையாக அப்பா அவரிடம் ஒரு கேள்வி கேட்டார். விஷம் எங்கே இருக்கிறது என்று. கிழவர் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். பிறகு கையை விரித்து எல்லாம் என்பதுபோல் ஆட்டினார். அப்பா முதல் பாதியை எடுத்துக்கொண்டார்.

"பித்தப்பை கண்ணு. ஆட்டுக்கு இல்லையா, கோழிக்கு இல்லையா? ஒடையாம எடுத்துப்போட்டா முடிஞ்சுது."

எங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளில் கோழி அறுக்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே அது. பித்து உடைந்தால் கறி கசக்கும், உடையாமல் எடுத்துவிட்டால் ஒன்றும் இல்லை. கெட்டுப்போன பாகத்தைக் கழற்றி எறிந்தால் மிச்ச மிஷின் ஓடும். அப்படித்தான் அவர் நினைத்தார். இரண்டையும் ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தோம். ரயிலில் என் காலடியில்தான் அந்தப் பெட்டி இருந்தது. மூடிக்குள் ஏதோ உரசுகிற மாதிரி இருந்துகொண்டே இருந்தது. ஐஸ் நகரும் சத்தம் என்றார் அப்பா.

அம்மா பெட்டியைத் திறந்தாள், பார்த்தாள், மூடினாள். மனுசப் பல் மாதிரி இருக்கிறது, இது தன் சட்டியில் ஏறாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அப்பா வாதாடிப் பார்த்தார். தூக்கி எறியலாம் என்றாள். கடைசிப் பயணத்தின் மீனை எறிய அவருக்கு மனசு வரவில்லை. அப்போது அவர் எந்த யோசனையும் இல்லாத குரலில், பழைய சட்டையைக் கொடுத்துவிடலாம் என்பது போலச் சொன்னார்.

"சரி, டர்னர் ஊட்டுக்குக் குடுத்துப்போடலாம்."

அம்மாவும் சரி என்றாள். அவர்கள் இருவரும் கெட்டவர்கள் இல்லை. யாரையும் கொல்ல நினைத்தவர்களும் இல்லை. தன் பிள்ளைக்குக் கொடுக்கப் பயந்த ஒன்றை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியது, அதில் ஒரு தவறும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இந்த வரியை எழுத எனக்கு ஐம்பது வருஷம் ஆகியிருக்கிறது.

திங்கட்கிழமை காலையில் பட்டறைக் குழாயடியில் அப்பா மீனைத் தோலுரித்தார், குறட்டால் பிடித்து இழுத்து. உள்ளே கோழி நெஞ்சுக்கறி மாதிரி வெள்ளை வெளேரென்ற சதை. பித்தப்பையை உடையாமல் எடுத்து எனக்குக் காட்டினார். பெருமையாகத்தான் காட்டினார். குடலையும் தலையையும் புதைத்தார். சினை இரண்டு பக்கமும் தடியாக இருந்தது. அதைக் கழுவி ஓரமாக வைத்தார். ஒரு பழைய அலுமினியச் சட்டியில் எல்லாவற்றையும் போட்டு, சட்டி திரும்பி வர வேண்டாம் என்று சொல்லி அம்மா என்னிடம் கொடுத்தாள்.

டர்னர் வீடு இரண்டு தெரு தள்ளி, ஓட்டு வீடு. அவர் பட்டறைக்குக் கிளம்பிப் போய்விட்டார். அவர் மகள் லீவுக்கு மாமன் ஊருக்குப் போயிருந்தாள். மனைவி மட்டும் இருந்தார். சட்டியை வாங்கி இலையை விலக்கிப் பார்த்தார். தோலுரித்த மீனை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை போல. விரலால் ஒரு துண்டைத் திருப்பினார். வேண்டாம் என்று முதலாளி வீட்டுப் பிள்ளையிடம் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"உங்கூட்லயும் இதானுங்களா அம்மணி?"

"ஆமாங்க, நாங்களும் இதைத்தான் சாப்பிட்டோம்" என்றேன். சொல்ல வேண்டிய வார்த்தை, சொல்லிவிட்டேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. அதை நான் பார்த்தேன்.

மத்தியானம் டர்னர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். இரண்டு மணி இருக்கும். நான் பட்டறை வாசலில் இரும்புச் சுருள்களைப் பொறுக்கி விளையாடிக்கொண்டிருந்தேன். டர்னர் மைக்ரோமீட்டரை எடுத்தார், அது கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுத்தார், மறுபடி விழுந்தது. அப்பா திரும்பிப் பார்த்தார். அந்தக் கருவியை அவர் கீழே போட்டு நாங்கள் பார்த்ததே இல்லை. உதடும் நாக்கும் மரத்தாற்போல இருக்கிறது, விரல் நுனியில் உணர்ச்சி இல்லை என்று டர்னர் சொன்னார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு அதிகமாகப் போட்டுவிட்டாயா என்று அப்பா கேட்டார். டர்னர் சிரிக்கப் பார்த்தார், வாய் ஒரு பக்கம் வரவில்லை. மிஷினை அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். பிறகு வாந்தி எடுத்தார். எழுந்து நிற்கப் பார்த்தபோது கால் இரண்டும் மடங்கிவிட்டன.

டாக்சி பிடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர் மனைவியை வழியில் ஏற்றிக்கொண்டோம். அவர் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை, துணி துவைத்து முடித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று தன் பங்கை மூடி வைத்திருந்தார். என்னைத் தனியாக விட முடியாமல் அம்மா கூட்டி வந்தாள். போய்ச் சேரும்போது டர்னர் கண்ணைத் திறக்கவில்லை. கையைத் தூக்கிவிட்டால் துணி மாதிரி விழுந்தது. மூச்சு மட்டும் சின்னதாக வந்துகொண்டிருந்தது.

டாக்டர் இளவயதுக்காரர். என்ன சாப்பிட்டார் என்றுதான் முதலில் கேட்டார். மனைவி மீன் என்றார். டாக்டர் நிமிர்ந்து, என்ன மீன், யார் கொடுத்தது என்றார். அந்தக் கணத்தில் அப்பா உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் முகம் வெளுத்திருந்தது. தன் கையால் தோலுரித்த மீன், கிழவர் காலால் தள்ளிய மீன். ஆனால் அவர் சொன்னது வேறு.

"எங்கூட்டு மீனுங்க டாக்டர். நாங்க எல்லாருந்தானுங்க சாப்பிட்டோம். எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்களே."

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அவர் என் பக்கம் வந்து குனிந்தார். பெரியவர்கள் பொய் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பாப்பா, நீயும் சாப்பிட்டாயா என்று மெதுவாகக் கேட்டார். அப்பாவின் கை என் தோளில் இருந்தது. அழுத்தவில்லை, சும்மாதான் இருந்தது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

"சாப்பிட்டேனுங்க. கிழங்கானைவிட நல்லா இருந்துச்சுங்க."

ருசியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அதை நானாகச் சேர்த்தேன். பொய் உண்மை மாதிரி இருக்க வேண்டும் என்று ஒரு பதினோரு வயதுப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்ததோ. டாக்டர் நம்பிவிட்டார். அப்படியென்றால் மீன் இல்லை என்றார். பட்டறையில் குப்பைகூளம் இருக்குமா, கட்டுவிரியன் வருமா என்று விசாரித்தார். டர்னரின் கால் விரல்களுக்கு இடையில் டார்ச் அடித்துத் தேடினார். பாம்புக்கடிக்கு ஊசி போடுவதாக முடிவு செய்து, மருந்து வாங்கிவர டர்னரின் மனைவியை மெடிக்கலுக்கு அனுப்பினார். அவரும் ஓடினார்.

கட்டிலருகே நாங்கள் மூன்று பேர். டர்னரின் நெஞ்சு ஏறி இறங்குவது குறைந்துகொண்டே வந்தது. அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, நல்லவேளை நாம் அதை வாயில் வைக்கவில்லை என்றாள். அப்பா சீறினார். தின்றோம் என்று சொன்னது சொன்னதுதான், இனி மாற்றினால் நம் கதை முடிந்தது, வாயை மூடு என்றார். நான் டர்னரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஈ அவர் இமையில் உட்கார்ந்தது. இமை அசையவில்லை. நான்தான் கையை வீசி விரட்டினேன்.

ஊசி போட்டும் ஒன்றும் ஆகவில்லை. நான்கு மணிக்கு நர்ஸ் மாறினார்கள். புதிதாக வந்தவர் நடுத்தர வயது, கேரளக் கடற்கரை ஊர்க்காரர். முதலில் மரத்தது எது என்று டர்னரின் மனைவியிடம் கேட்டார். உதடு என்றார் மனைவி. மீனுக்குத் தோல் இருந்ததா? இல்லை, உரித்திருந்தது. சினை? இருந்தது, அவருக்குப் பிடிக்கும் என்று மொத்தத்தையும் அவருக்கே வைத்தேன். நர்ஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார். இது பாம்பு இல்லை, பேத்தை என்றார். அதற்கு மருந்து இல்லை, விஷம் இறங்குகிற வரைக்கும் மூச்சை நாம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். டர்னரின் உதடு அதற்குள் நீலமாகியிருந்தது. மூக்கிலும் வாயிலும் ரப்பர் பையை வைத்து அமுக்க ஆரம்பித்தார்கள். அங்கே மூச்சு மிஷின் கிடையாது. மறுநாள் மதியம் வரை ஆள் மாற்றி ஆள் கையால் அமுக்கினார்கள். அப்பாவும் அமுக்கினார். விரல் வீங்கிப்போகும் வரை அமுக்கினார், அதை நான் மறைக்க மாட்டேன்.

எங்கள் பொய்க்கு ஒன்றும் ஆகவில்லை. சதையில் விஷம் குறைவு, சினையில்தான் அதிகம், அதனால்தான் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டரே எங்களுக்காகக் காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தார். மனைவியும் அதைத்தான் தெருவெல்லாம் சொன்னார். முதலாளி அன்பாகச் சினையைக் கொடுத்தார், அது எங்கள் கெட்ட நேரமாகிவிட்டது என்று. ஒருத்தரும் எங்களைக் குறை சொல்லவில்லை.

மூன்றாம் நாள் டர்னர் எழுந்து உட்கார்ந்தார். பத்து நாளில் வேலைக்கு வந்தார். கை பழையபடி இருந்தது, அளவு தப்பவில்லை. ஒரு மாதம் முழுசாக வேலை செய்தார், பாக்கி இருந்த ஷாஃப்ட் எல்லாவற்றையும் முடித்தார், வேறு பக்கம் வேலை பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காரணம் சொல்லவில்லை. அப்பாவுக்கு அது தாங்கவில்லை. ராத்திரி பகலாக மூச்சுக் கொடுத்துப் பிழைக்கவைத்தவனை விட்டுப் போனான், நன்றி கெட்டவன் என்று வாழ்நாள் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாண வீடுகளில் சொல்வார், என் பிள்ளைகளிடம் சொல்வார். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பேன். கடலுக்கு அவர் மறுபடி போகவில்லை. அந்த ரீல் எங்கே போனது என்று தெரியவில்லை, பட்டறையை விற்றபோது தேடினேன், கிடைக்கவில்லை.

அம்மா முன்னாலேயே போய்விட்டாள். அப்பா போனது இரண்டு வருஷத்துக்கு முன். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தலில் ஒரு வயசாளி வந்து உட்கார்ந்திருந்தார், வெள்ளை வேட்டி, பக்கத்தில் ஒரு பெண். யாரென்று எனக்குத் தெரியவில்லை. "வந்துட்டேனுங்க அம்மணி" என்றதும் தெரிந்துவிட்டது. மகளோடு கிணத்துக்கடவில் இருக்கிறாராம். மகள் பள்ளிக்கூட ஆசிரியை, அவள்தான் கார் ஓட்டி வந்திருக்கிறாள். அப்பா படத்துக்குப் பூப்போட்டுக் கும்பிட்டார். நான் அவர் கையைப் பிடித்து, வாங்க, இலை போட்டிருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். வேண்டாங்க என்றார். வற்புறுத்தினேன். மறுபடியும் வேண்டாங்க என்றார். சிரித்த முகமாகத்தான் சொன்னார்.

மகள் வண்டியைத் திருப்பப் போயிருந்தாள். எனக்கு என்னவோ அப்போது கேட்டுவிட வேண்டும் போலிருந்தது. அப்பா கடைசி வரை உங்களைச் சொல்லிக்கொண்டே இருந்தார், ஏன் எங்களை விட்டுப் போனீர்கள் என்றேன்.

அவர் மகளின் வண்டி இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அன்னிக்கு எனக்குக் கண்ணுதானுங்க தொறக்க முடியல. காது நல்லாக் கேட்டுச்சுங்க."

எல்லாமா என்றேன்.

"எல்லாந்தானுங்க. அம்மா பேசினது, மொதலாளி பேசினது. அதையெல்லாம் அன்னிக்கே உட்டுப்போட்டேனுங்க, பயத்துல பேசிட்டாங்க. ஆனா டாக்டர் உங்களைக் கேட்டாரில்லீங்க அம்மணி. கொழந்தை உள்ளதைச் சொல்லிப்போடும்னு நான் படுத்துட்டுக் காத்திருந்தேனுங்க."